பாடமாக்கிய கலியாணம்

என் தொழில் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஆளுக்கு ஆள் மாறும். அகதி முகாம் ஒன்றில் நடந்த முறைகேடுகளை மாநில நாடாளுமன்றத்தின் குழு ஒன்று விசாரித்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்காக அங்கே இரண்டு வருடம் வழக்கறிஞராக உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் ஜெர்மன்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மனித உரிமைச் சட்டம் என்றால் இன்னும் கொஞ்சம் நிமிர்வார்கள். எங்கள் ஆட்களுக்கு நான் "விசா கேஸ் பாக்கிற அக்கா" மட்டும்தான். ஸ்டுட்கார்ட்டில் என் அலுவலகத்துக்கு வழி கேட்டால், துருக்கிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற விசா அக்கா என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடித்திருக்கிறது.

எல்லா வழக்குகளிலும் எதை நினைத்தால் சந்தோசம் வருகிறது என்று கேட்டால், அந்தப் பெரிய விசாரணையை நான் சொல்லமாட்டேன். ஒரு பேக்கரித் தொழிலாளியின் மனைவியின் வழக்கைச் சொல்வேன். அதில் என்னுடைய மடைத்தனமும் பாதி இருக்கிறது.

அவர்கள் ஒரு திங்கட்கிழமை வந்தார்கள். அவனுக்கு நாற்பது வயது இருக்கும். பாண் செய்யும் தொழிற்சாலையில் அதிகாலை வேலை, நிரந்தர வதிவிட உரிமையும் இருந்தது. அவள் அவனைவிட ஐந்தாறு வயது இளையவள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவள். கோயில் திருவிழாவில் கண்டு பேசி, முறைப்படி பதிவுத் திருமணம் செய்து, மூன்று வருடமாக ஒன்றாக வாழ்கிறார்கள். ஆனால் அவர்கள் வசித்த ஊரிலிருந்த வெளிநாட்டவர் அலுவலகம் இருவரையும் தனித்தனி அறையில் இருத்திக் கேள்வி கேட்டுவிட்டு, இது போலித் திருமணம் என்று முடிவெழுதியிருந்தது. அவளுக்கு வதிவிட அட்டை இல்லை. நீதிமன்றத்திலும் தோற்றால் அவள் விமானம் ஏறவேண்டியதுதான்.

"நாங்கள் ஒரு கேள்விக்கும் பிழை விடேல்லை அக்கா" என்றான் அவன். "முப்பதுக்கு முப்பதும் சரி."

எனக்குச் சுருக்கென்றது. அலுவலகத்தின் விசாரணைக் குறிப்பை எடுத்துப் படித்தேன். பிறந்தநாளுக்கு என்ன பரிசு? சிவப்பு ரோசாப்பூ என்று இருவரும் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்? கை கோத்துக்கொண்டு காட்டுக்குள் உலாப் போவோம் என்று இருவரும். எந்தக் காடு என்று அதிகாரி இடையில் கேட்டிருக்கிறார். பெரிய காடு என்று அதற்கும் ஒரே பதில். காலையில் ஒன்றாக இருந்து கோப்பி குடித்து, கதைத்துச் சிரித்து, பிறகு வேலைக்குப் போவாராம். அதிகாரி பக்கத்திலேயே சம்பளச் சீட்டை இணைத்திருந்தார். அவனுக்கு வேலை தொடங்குவது விடியற்காலை நாலு மணிக்கு.

"உண்மையில காட்டுக்குப் போறனீங்களோ?"

"இல்லை அக்கா."

"ரோசாப்பூ?"

அவள் அவனைப் பார்த்தாள். மூன்று வருடமாகப் பூவே வாங்கித் தராதவனைப் பார்க்கிற பார்வை அது. "உதில அப்பிடித்தான் போட்டிருந்தது" என்று சொல்லி, பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள்.

முதல் தாளைக் கண்டதும் எனக்குக் காது சூடேறியது. கையெழுத்து என்னுடையது. சில வருடங்களுக்கு முன்பு, தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமைகளில் இலவச ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அதிகாரிகள் என்ன கேட்பார்களோ என்று சனம் நடுங்கியதால், பயம் தெளியட்டும் என்று வழக்கமாக வரும் முப்பது கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். கேள்விகள் மட்டும்தான். எங்கள் ஆட்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு விடைத்தாள் வராது என்று நினைத்தேனே, அதுதான் என் மடைத்தனம். யாரோ ஒரு கெட்டிக்காரர் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அழகான கையெழுத்தில் மாதிரி விடை எழுதி, தலைப்பும் போட்டு, நகலெடுத்து விட்டிருக்கிறார். வெள்ளைக்காரன் எதைக் காதல் என்று நம்புவான் என்று அவர் நினைத்தாரோ, அதெல்லாம் அதில் இருந்தது. அது ஊர் ஊராகச் சுற்றி இவர்கள் கைக்கு வந்திருக்கிறது. இவர்களும் ரியூசனுக்குப் போன பிள்ளைகள்தானே, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு இரண்டு கிழமை பாடமாக்கியிருக்கிறார்கள். அதற்காக அவன் லீவும் எடுத்திருக்கிறான்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்மீது வந்த கோபத்தை அவர்கள்மீது கொட்டினேன். "உங்கட சொந்தக் கலியாணத்துக்கு ஏன் ஆரோ எழுதின விடை?" என்று கத்தினேன். அவள் அழுதுவிட்டாள். அவன் மெதுவாக, "எங்கட உண்மையான விடையள் அவ்வளவு வடிவாயில்லை அக்கா" என்றான்.

அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? சட்டப் படிப்பின் அரச பரீட்சைக்கு நான் மட்டும் எப்படிப் படித்தேன்? அறைக்குள் மேலும் கீழும் நடந்து, சட்டப் பிரிவுகளைச் சத்தமாகச் சொல்லித்தான் படித்தேன். கூட இருந்த ஜெர்மன் பெண் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து, தினமும் வானொலியைக் குறைத்துவைப்பாள். பாடமாக்குவது எங்களுக்கு ஒரு வியாதி. அதில் நான் தேர்ச்சி பெற்றேன், இவர்கள் பெயில். அவ்வளவுதான் வித்தியாசம்.

நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டு, இனி ஒன்றும் படிக்கக்கூடாது, கேட்பதற்கு உள்ளதைச் சொன்னால் போதும் என்று கட்டளையிட்டேன். பாடத்திட்டமே இல்லாத பரீட்சை என்றால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விசாரணைக்கு முதல் நாள் அவன் போன் எடுத்தான். "ஒரு ரெண்டு கேள்வியாவது வருமெண்டு சொல்லுங்கோவன் அக்கா" என்றான். விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு, என்னுடைய தாள்தான் அவளை நாடு கடத்தப்போகிறது என்ற நினைப்பு விடவேயில்லை.

நீதிபதி ஓய்வுக்குக் கிட்டடியில் நின்ற ஒரு பெண்மணி. மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. இங்கே நீதிபதிகள் சாட்சி சொல்வதைக் கேட்டு, அதைத் தங்கள் வாயால் சுருக்கி அந்தக் கருவிக்குள் சொல்வார்கள். வழக்கு மனைவியின் பெயரில் என்பதால் அவள் என் பக்கத்தில் இருந்தாள். அவன் சாட்சி என்பதால், கூப்பிடும்வரை வெளியே விறாந்தையில் இருந்தான். எதிர்ப்பக்கத்தில் அந்த அலுவலகத்தின் அதிகாரி, பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

உங்கள் வாழ்க்கையைப்பற்றிச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. அவள் தொண்டையைச் செருமி, "ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கை கோத்துக்கொண்டு..." என்று தொடங்கினாள். மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். நீதிபதி இரண்டு விசாரணைக் குறிப்புகளையும் மூடி ஒதுக்கி வைத்துவிட்டு, "உங்கள் கணவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்டார்.

அது முப்பதில் இல்லை. அவள் பேயறைந்தவள்போல என் பக்கம் திரும்பி, "அக்கா, மனிசனைக் குறை சொன்னா கேஸ் தோத்துப்போகாதோ?" என்று கிசுகிசுத்தாள். மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாதவர். அதையும் ஜெர்மனில் சொன்னார். நீதிபதி சிரித்துவிட்டு, அதற்கு நேர்மாறு என்றார்.

பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. ஈரக் காலுறையை ஹீற்றரில் காயப்போடுகிறான். அவள் ஹீற்றரைக் கூட்டினால் இவன் குறைக்கிறான். கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்டால் பதிலே இல்லை, ஆனால் எழும்பிப்போய் உப்பை எடுத்துவருவான். ஒவ்வொரு நாளும் தொழிற்சாலையில் மிஞ்சும் ப்ரெட்சலை, அந்த உப்புத் தூவிய முறுக்குப் பாணை, ஒரு பை நிறையக் கொண்டுவருகிறான்.

"தின்னேலாது அம்மா. வெட்டிக் கொத்துரொட்டி மாதிரிக் கொத்திக் குடுத்தன். அதையும் நல்லா இருக்கெண்டு திண்டிட்டு, அடுத்த நாள் ரெண்டு பை கொண்டு வந்தார்!"

மொழிபெயர்ப்பாளர் கையைத் தூக்கித் தண்ணீர் குடிக்க அவகாசம் கேட்டார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள்.

"விடிய மூண்டு மணிக்குப் போறவர். லைற் போடமாட்டார். சப்பாத்தைக் கையில கொண்டுபோய், வெளிப்படியில இருந்து இருட்டுக்குள்ள போடுவார். எனக்கு நித்திரை குழம்பக்கூடாதாம். குளிர் காலத்திலையும் அப்பிடித்தான். நான் முழிச்சுத்தான் கிடக்கிறனான். அவருக்குத் தெரியாது."

நீதிபதி கருவியைக் கிட்ட எடுத்தார். கணவர் வேலைக்குச் செல்கையில் காலணிகளை மாடிப்படியில், வெளிச்சமின்றி அணிகிறார் என்றும், தான் அப்போது விழித்திருப்பதாகவும் வழக்காளி கூறுகிறார். இப்படி ஒரு வசனத்தை நான் எந்த நீதிமன்றத்திலும் கேட்டதில்லை. எழுதிக்கொள்ள மறந்துபோனேன்.

அவனைக் கூப்பிட்டார்கள். முதுகை நிமிர்த்தி, கையை மேசைமேல் வைத்து, பரீட்சைக்கு இருப்பவன்போல இருந்தான். உங்கள் மனைவி உங்களில் என்னென்ன குறை சொல்வார் என்று நீதிபதி கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் கோப்பைப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் சொல்லவேணுமோ?" என்று கேட்டுவிட்டுத் தொடங்கினான். காலுறை. ஹீற்றர். உப்பு. ப்ரெட்சல் வந்ததும் எதிர்ப்பக்க அதிகாரியே வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"காலையில் எப்படிக் கிளம்புவீர்கள்?"

"ஒரு சத்தமும் போடமாட்டன்" என்றான். முகத்தில் பெருமை. "வெளியில போய்த்தான் சப்பாத்துப் போடுறது. அவவுக்குத் தெரியாது, நல்ல நித்திரையில இருப்பா. இண்டுவரைக்கும் ஒருநாளும் எழும்பினதில்லை."

அவள் குனிந்து சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணிலும் தண்ணீர். மனைவி ஆழ்ந்து உறங்குவதாகச் சாட்சி கூறுகிறார் என்று நீதிபதி கருவிக்குள் சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

அந்த அறையில் அது தெரியாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

நாலு கிழமைக்குப் பிறகு தீர்ப்புத் தபாலில் வந்தது. வென்றுவிட்டோம். கடித உறையைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்குள் தனியாக ஆடினேன். கீழேயிருந்து துருக்கிக் கடைக்காரர் கூரை இடிகிறதா என்று பார்க்க வந்தார். அவருக்கும் காரணத்தைச் சொன்னேன். ஒரு பெட்டி பக்லாவா இனிப்புக் கொடுத்தார்.

அன்று பின்னேரமே இருவரையும் கூப்பிட்டு, பக்லாவாவை நடுவில் வைத்துத் தீர்ப்பைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஏழாம் பக்கத்துக்கு வந்தேன். இருவரின் பதில்களும் ஒரே ஒரு இடத்தில் முரண்படுகின்றன என்று நீதிபதி எழுதியிருந்தார். அதிகாலையில் மனைவி உறங்குவதாகக் கணவர் நம்புகிறார், மனைவியோ விழித்திருக்கிறார். இந்த முரண்பாட்டை யாராலும் பாடமாக்கியிருக்க முடியாது, நீதிமன்றம் இத்திருமணம் உண்மையானதென்று நம்புவதற்கு இதுவே முதற்காரணம்.

அவன் பக்லாவாவை வைத்துவிட்டான். "திருப்பி வாசியுங்கோ அக்கா."

திருப்பி வாசித்தேன்.

அவள் பக்கம் திரும்பினான். "நீர் மூண்டு வருசமா முழிச்சே கிடந்தனீர்?"

அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றாள்.

"அப்ப நாளைக்கு நான் லைற்றைப் போட்டு, உள்ளுக்கு இருந்து சப்பாத்தைப் போடுறன். படியில சரியான குளிர்."

"வேண்டாம்" என்றாள் அவள். "கீழ்க் கதவு சாத்திற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் திரும்ப நித்திரை வரும். நீங்கள் வழமை மாதிரியே போங்கோ. நான் நித்திரை எண்டே நினைச்சுக்கொண்டு போங்கோ."

அவன் வைத்த பக்லாவாவைத் திரும்பக் கையில் எடுத்தான். பிறகு, "சரி" என்றான்.