ஒன்று போட்ட கை

அந்தக் கல்லூரியில் அவளுடைய பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘உஷ் மேடம்’ என்று சொன்னால் வாயில் காவலர்கூடச் சிரித்துக்கொண்டே நூலகத்துக்கு வழி காட்டுவார். இருபத்திரண்டு ஆண்டுகளாக உதட்டில் விரல் வைத்தே வாழ்ந்துவிட்டவள். அவளுக்குள்ளும் ஓர் ஆசை இருந்தது. ஆண்டுதோறும் நடக்கும் நூலகர் மாநாட்டில், மைக் முன்னால் நின்று கால் மணி நேரம் பேச வேண்டும்.

அதற்காக மூன்று முறை ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினாள். மூன்று முறையும் ‘ஏற்பதற்கில்லை’ என்று ஒற்றை வரி வந்தது. ஏன் என்று ஒரு சொல் இல்லை. அவள் அழுத அழுகை புத்தக அலமாரிகளுக்கு மட்டுமே தெரியும்.

இந்த ஆண்டு நான்காவது முறையாக அனுப்பினாள். அதோடு, மற்றவர்கள் அனுப்பும் சுருக்கங்களை மதிப்பிட்டு, எழுதியவருக்குக் கருத்தும் சொல்லத் தன்னார்வலர்கள் தேவை என்று முதல்முறையாக அறிவிப்பு வந்ததும் தன் பெயரையும் கொடுத்தாள்.

“சம்பளம் எவ்வளவு?” என்றார் பேருந்து ஓட்டுநரான அவள் கணவர்.

“கிடையாதுங்க.”

“ஒரு வேளை சாப்பாடாவது?”

“அதுவும் கிடையாது.”

“அப்ப எதுக்கும்மா இந்தத் தலைவலி?”

“எனக்கு ஏன்னு யாருமே சொல்லலை. நான் ஒருத்தருக்காவது சொல்றேனே.”

அவர் எழுந்து வந்தார். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அட்டை மடித்து வைத்துக் கொடுத்தார்.

எழுதியவர் பெயர் நீக்கப்பட்ட ஏழு சுருக்கங்கள் வந்தன. நான்காவதைப் படித்தபோது அவள் கை அப்படியே நின்றுவிட்டது. மருத்துவமனை வார்டுகளில் புத்தக வண்டி தள்ளிக்கொண்டு போகும் ஒருவர் எழுதியது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் நோயாளிகள் புதுப் புத்தகம் கேட்பதில்லை. எப்போதோ படித்து முடித்ததையே மறுபடி கேட்கிறார்கள். முடிவு தெரிந்த கதைதான் அன்றைக்கு அவர்களுக்குத் துணை. அறுபத்தொரு பேரிடம் பேசி எழுதியிருந்தார்.

‘இதைப் படித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அட்டவணையை மட்டும் சுருக்குங்கள். தயவுசெய்து எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்’ என்று கருத்து எழுதினாள். ஏழில் இதற்கு மட்டும்தான் முதல் தரம். மதிப்பெண் கட்டத்தில் பெருமையோடு ‘1’ போட்டாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. ஏற்கப்பட்டவர்கள் பட்டியலில் அவளுடைய பெயர் இருந்தது! ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில் இருந்த கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். பிறகு அந்தப் புத்தக வண்டியைத் தேடினாள். மேலிருந்து கீழ்வரை தேடினாள். இல்லை.

“எப்படிங்க இல்லாமப் போகும்? நான் முதலிடம் கொடுத்தேனே!”

தான் நிரப்பிய படிவத்தைத் திரையில் திறந்தாள். கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேல் வரியை நிதானமாகப் படித்தார்.

“ஒன்று மிகக் குறைவு, ஐந்து மிகச் சிறப்புன்னு போட்டிருக்கேம்மா. போர்டு பார்க்காம பஸ் ஏறிட்டியே!”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒருவர் இந்நேரம் எங்கோ ஓர் அறையில், தான் அழுததைப் போலவே அழுதுகொண்டிருப்பார். அதுவும் தன்னால்!

மறுநாள் காலை மாநாட்டுச் செயலாளருக்குப் போன் செய்தாள். ஏழையும் தலைகீழாகப் போட்டதை ஒளிக்காமல் சொன்னாள். பத்து நிமிடத்தில் அவர் திரும்ப அழைத்தார்.

“மத்த ஆறுலயும் முடிவு மாறலை மேடம். அந்தப் புத்தக வண்டி ஒண்ணுதான் உங்க மார்க்கால விழுந்திருக்கு. ஆனா இடமெல்லாம் நிரம்பிடுச்சே. யாராவது விலகினாதான் உண்டு.”

நூலகக் கணினியில் திறந்திருந்த பட்டியலில் தன் பெயரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு ஆண்டு ஆசை அது.

“சார்... நான் விலகிக்கிறேன்.”

“மேடம், அவசரப்படாதீங்க. உங்களுக்கு இதுதான் முதல் தடவை.”

“அவங்களுக்கும் அப்படித்தானே இருக்கும் சார்.”

மாநாட்டு நாளில் கணவர் விடுப்புப் போட்டுவிட்டு உடன் வந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையேறிய பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.

“மூணு பேர் என் கட்டுரையைப் பார்த்தாங்க. அதுல ஒருத்தர் ஒரே ஒரு மார்க் போட்டிருந்தாங்க” என்று தொடங்கினார். அரங்கம் சிரித்தது. “அதே ஆள், படிச்சதும் முகம் கழுவிட்டு வந்தேன், எழுதுறதை நிறுத்திடாதீங்கன்னும் எழுதியிருந்தாங்க. கிண்டல் பண்றாங்களோன்னு ஒரு வாரம் அழுதேன். அப்புறம் தோணுச்சு, நம்பர் போடக் கை போதும். இந்த வரியை எழுத மனசு வேணும். அதனால வரியைத்தான் நம்பினேன். இடம் இருக்குன்னு மறுபடி கூப்பிட்டப்ப, தயங்காம வந்துட்டேன். அவங்க யாருன்னு தெரியாது. இங்க இருந்தா, நன்றிங்க.”

கணவர் தாங்க முடியாமல் பாதி எழுந்துவிட்டார். “அது எங்க வீட்டு...”

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கன்னம் முழுக்க நனைந்திருந்தது. விரல் மட்டும் பழக்கப்படி உதட்டுக்குப் போனது.

“உஷ்! அவங்க பேசட்டும்.”