மதிலைப் பார்த்து ஜெபித்த பேராயர்

பேராயர் ஆபேல் சின்னக்கண்ணு இறந்த செய்தி வந்தபோது, ஊத்துக்கோட்டையில் ஒரு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய கார் ஓட்டுநர்தான் போனில் கூப்பிட்டார். "பாஸ்டர், பிஷப் அய்யா போய்ட்டாரு. இப்பதான் டாக்டரு சொன்னாங்கோ." பக்கத்திலிருந்த அம்மாள் "இன்னா ஆச்சி?" என்று கேட்டார். "எங்க ஆளு ஒருத்தர்" என்று மட்டும் சொன்னேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அவரைப் பீடத்தில் பார்த்தவர்களே உங்களில் அதிகம். நான் அவர் பிறந்த காலனியின் ஆயர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய காலனி அது. அவர் அம்மா ராகேல் அங்கே நாற்று நட்டவர். வயலெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு, அதே இடத்தில் சித்தாளாகக் கல் சுமந்தவர். மகன் விடுதியில் படித்து ஆயராகி, பிறகு பேராயராகத் தேர்வானபோது காலனியில் பட்டாசு வெடித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு கணக்கும் இருந்தது. இனி கல்லறைத் தோட்டம் திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்பினார்கள்.

ஓர் இரும்புக் கம்பெனி சுற்றிலும் நிலம் வாங்கி மதில் எழுப்பியபோது எங்கள் கல்லறைகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. பழைய நிலக்காரர் வாய்வார்த்தையாக விட்டிருந்த இடம் அது. ராகேல் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். இப்போது எங்களில் யாராவது செத்தால் ஏரிக்கரைதான்.

வாலிபர்களின் தலையில் கைவைத்து ஜெபிக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு வந்தபோது அவரை முதன்முதலில் பக்கத்தில் பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஞாயிறும் ஷிப்ட் உண்டு. "ஷிப்டு உட்டதும் வெச்சிக்கலாம் பாஸ்டரே, கடவுள் எங்க போய்டப்போறாரு" என்று மதியம்வரை காத்திருந்தார். பிள்ளைகள் கம்பெனி பேருந்திலிருந்து இறங்கி, வேலை உடுப்போடு அப்படியே வந்து முழங்காலிட்டார்கள். பதற்றத்தில் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. "ஹெல்மெட்ட கழட்டுபா. பரிசுத்த ஆவி பிளாஸ்டிக்க தொளச்சிகினு எறங்கணுமா?" என்றார். கோயிலே சிரித்தது. அவர்கள் தலையிலிருந்து அவர் கைக்கு வந்த இரும்புத்தூள் வெள்ளை அங்கியெல்லாம் ஒட்டியிருந்தது.

கல்லறைக்காக அவர் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். திருவள்ளூரில் ஏறாத அலுவலகம் இல்லை. எங்கே போனாலும் அவருக்கு மட்டும் நாற்காலி போடுவார்கள். கூட வந்த ஜனங்கள் நிற்பார்கள் என்று அவரும் நிற்பார். மரியாதைக்குக் குறைவில்லை, காரியம்தான் ஆகவில்லை. கம்பெனிமேல் போட்ட வழக்கும் தோற்றது.

கல்லறைத் திருநாளில் எங்கள் ஜனங்கள் பூவையும் மெழுகுவர்த்தியையும் மதிலடியில் வைப்பார்கள். ஒரு வருடம் அவரும் முழு அங்கியோடு, கையில் மேய்ப்பர்கோலோடு வந்து மதிலைப் பார்த்து நின்று ஜெபித்தார். கம்பெனி மேலாளர் வெளியே வந்து, "உங்களுக்கு மட்டும் கேட்ட தொறந்து உடறோம் சார். மதர் கல்லறையப் பாத்துட்டு வந்துடுங்க" என்றார்.

"எங்க அம்மாகூட நட்டவங்க, அறுத்தவங்க எல்லாரும் அங்கதான் கீறாங்கோ. அவங்க புள்ளைங்க வெளிய நிக்கசொல்ல நான் மட்டும் எப்பிடி வருவேன்?" என்று சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார்.

எனக்கு மெய் சிலிர்த்தது. ஆனால் கலைந்து போகும்போது மரியாள் என்ற விதவை என்னிடம், "அய்யா போயிருக்கலாம். கல்லறைங்க கீதா இல்லியான்னாவது பாத்துட்டு வந்து சொல்லிருப்பாரு" என்றார்.

படுக்கையில் விழுந்தபின் ஒருநாள் என்னை வரச்சொன்னார். குரல் மிகவும் தேய்ந்திருந்தது. "அன்னிக்கு தொறக்கறேன்னாங்களே. இப்ப கேட்டுப் பாரு. அம்மா பக்கத்துல ஆறடி. நான் மட்டும் வரேன்னு சொல்லு" என்றார். அப்படிப்பட்ட மனிதர் 'நான் மட்டும்' என்று சொன்னதைக் கேட்க எனக்கு வேதனையாக இருந்தது.

போய்க் கேட்டேன். மேலாளர் மாறியிருந்தார். புதியவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அந்த இடத்தில் கான்கிரீட் போட்டு ஷெட் கட்டியாகிவிட்டதாம். அவர் சேர்ந்தபோதே அங்கே கல்லறை எதுவும் இல்லையாம். திரும்பி வந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"மேல கூர போட்டுக்கீறானா?" என்றார்.

"போட்டிருக்காங்க அய்யா."

"எங்கம்மா வெயில்லயே கெடந்து செத்தாங்க. இப்பவாச்சும் நெழல்ல கீறாங்க."

நகரத்தில், பேராயர்களுக்கான இடத்தில், மணியடித்து மரியாதையோடு அவரை அடக்கம் செய்தார்கள். காலனி ஜனங்கள் வேனில் வந்து, கூட்டத்தில் முன்னே போக முடியாமல் கடைசியில் நின்றார்கள்.

ஷெட்டைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிட்டேன். வரும் கல்லறைத் திருநாளுக்குப் பூ வாங்குவதா வேண்டாமா என்று கேட்கிறார்கள். என்னிடம் அவர் விட்டுப்போனது அந்த நிழல் பேச்சு ஒன்றுதான். அதைச் சொல்லி ஒருவரையாவது தேற்றலாம் என்று பார்க்கிறேன். வாய் வரவில்லை.