மனைவியின் வயதில் பத்தைக் குறைத்தேன்

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விளாங்குடியில் வசிக்கிறேன். மார்பகப் புற்றுநோய் பரிசோதனை முகாமில் எழுபது வயது வரைதான் எக்ஸ்ரே படம் எடுப்போம் என்றார்கள். என் மனைவி எஸ்தருக்கு எழுபத்தொன்பது. எந்தத் தொல்லையும் இல்லை. ஆனாலும் படிவத்தில் அறுபத்தொன்பது என்று எழுதினேன்.

"வாத்தியாரே பொய் எழுதலாமாங்க?" என்று சிரித்தாள். உடன் வந்த மகளுக்கு ஐம்பத்திரண்டு. "உனக்கென்னம்மா அவசரம்? அப்புறம் பாப்போம்" என்றேன்.

எஸ்தரின் படத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. ஊசியால் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எங்கள் வீடு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. வாசலில் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். எஸ்தர் அதைப் பார்த்தபடியே சாப்பிட மறந்துவிடுவாள். ஒரு காலையில் மயங்கிச் சரிந்தாள். கட்டில்மேல் விழுந்ததால் எலும்பு தப்பியது.

புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. அன்றுதான் முடிவைச் சொன்ன டாக்டரம்மாவிடம் எஸ்தரின் உண்மை வயதைச் சொன்னேன்.

"ஐயா, ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்கு இந்த வயசுல தேடித் தேடிப் பாத்தா, நன்மையவிட அலைச்சல்தான் சாஸ்தி. உங்க மக வயசுக்குத்தான் இது கூடுதலா உதவும்."

வெளியே வந்ததும் எஸ்தர், "இம்புட்டு நாளும் உசுரோட செத்துட்டேனே" என்றாள்.

போன வாரம் மகள் படம் எடுத்துக்கொண்டாள். எஸ்தருக்கு எந்தப் பரிசோதனை என்றாலும், இப்போது டாக்டரிடம் உண்மை வயதைச் சொல்லி, அவசியமா என்று கேட்கிறேன். பிறகு, "உனக்கு வேணுமா?" என்று அவளிடம் கேட்கிறேன். ஐம்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அதை நான் கேட்டதே இல்லை.