கதவில்லாத அலுமாரி

மானிப்பாயில் சுகிர்தமலர் ரீச்சரைத் தெரியாத பிள்ளைகள் குறைவு. முன்பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டவில்லை, எங்கே போனாலும் சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் சபையின் தேவாலயத்தில் ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறார். பார்த்தவர்கள் அமைதியான மனுசி என்பார்கள். பழகியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். யாராவது ஒரு பிள்ளையைத் "தொடாதை" என்று அதட்டிவிட்டால் போதும், ரீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. ரீச்சரின் தாயார் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய பீங்கான் செற் ஒன்று வீட்டுச் சோகேசில் இருந்தது. யார் விருந்துக்கு வந்தாலும் சோறு எவர்சில்வர் தட்டில்தான். பிள்ளைகள் வெளியே நின்று பார்க்கலாம். கண்ணாடியில் மூக்கை வைத்தால் அழுக்குப் படும் என்று அதற்கும் ஏச்சு. தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கியபோது ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் சோகேசும் இல்லை, செற்றும் இல்லை. ஒரு நாள்கூட ஒருவரும் அதில் ஒரு பிடி சோறு சாப்பிட்டதில்லை. தாயார் அழுதார். ரீச்சருக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை.

போன வருடம், அப்பமும் ரசமும் பரிமாறும் ஒரு திருவிருந்து ஞாயிறன்று அது மறுபடி கிளறப்பட்டது. மதுரா என்ற ஐந்து வயதுப் பிள்ளை தாயோடு பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்றாள். வெள்ளிக் கிண்ணம் தன்னைக் கடந்து போனபோது கையை நீட்டித் தொடப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சபைச் செயலாளர் ஆழ்வாப்பிள்ளை அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மதுரா ஆராதனை முடியும் வரை தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பாள்.

ரீச்சர் அடுத்த நாளே ஆழ்வாப்பிள்ளையின் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். தேவாலயத்துக்குப் பின்னால் சபையார் முன்பு உட்கார்ந்த பழைய கதிரைகள் அடுக்கிக் கிடக்கும் அறை தமக்கு வேண்டும் என்றார்.

"அங்கை என்ன செய்யப் போறியள்?"

"பிள்ளையளுக்கு ஒரு சின்னக் கோயில். சின்னப் பீடம், சின்னக் கிண்ணம், மேய்ப்பர், ஆடுகள். எல்லாத்தையும் தாங்களே எடுத்து, வைச்சு, வேதக் கதையைக் கையாலை படிக்கட்டும்."

"அப்ப விளையாட்டு."

"ஆராதனை."

ஆழ்வாப்பிள்ளை கெட்டவர் அல்லர். தேவாலயத்துக் கிண்ணங்களைத் தம் கையாலேயே துலக்கிப் பூட்டி வைக்கிற மனுசன். "சரி, அறையைத் தாறன். முதல் நாள் நானே வந்து பாப்பன். ஆராதனையெண்டால் அறை உங்கடை. விளையாட்டெண்டால் கதிரையள் திரும்பி வரும்."

ரீச்சருக்கு இனி நித்திரை ஏது. அறைக்கு வெள்ளை அடித்தார். பாய் விரித்தார். பாலைவனக் கதைகளுக்காக வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கிய மணலை அரித்து ஒரு பெட்டியில் நிரப்பினார். களிமண்ணில் செம்மறி ஆடுகள் செய்தார். செய்தது செம்மறிதான், வந்தது ஊர் வெள்ளாடு. காது நீண்டு தொங்கிக்கொண்டு, நியாயத்தீர்ப்பு நாளில் வெள்ளாடுகளுக்கென்று வேதம் ஒதுக்கிய இடப்பக்கம் போகவேண்டிய முகத்தோடு நின்றன. ரீச்சர் அவற்றின் காதுகளைக் கிள்ளிக் குறைத்து எல்லாவற்றையும் வலப்பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

மரவேலைக்குச் சண்டிலிப்பாய்த் தில்லைநாதனைப் பிடித்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை, கையில் நல்ல வேலை. மரக் கிண்ணம், மர அப்பம், மேய்ப்பர் எல்லாம் குறையில்லாமல் வந்தன. இவற்றை அடுக்கி வைக்க ஒரு தட்டு மட்டும்தான் பாக்கி. பிள்ளைகளுக்கு எட்டுகிற மாதிரிப் பதிவாக நிலத்தோடு ஒட்டி, திறந்தபடி இருக்கவேண்டும் என்று ரீச்சர் கையாலேயே அளந்து காட்டியிருந்தார்.

சனிக்கிழமை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கியது ஓர் அலுமாரி. ரீச்சரின் நெஞ்சளவு உயரம். கடைந்தெடுத்த கால்கள், கண்ணாடிக் கதவு, பூட்டு, நூலில் கட்டிய திறப்பு. தில்லைநாதன் கிண்ணத்தையும் அப்பத்தையும் மேய்ப்பரையும் தாமே உள்ளே அடுக்கிவிட்டு, பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையைக் காட்டுவதுபோலப் பக்கத்தில் நின்றார்.

விடிந்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். தொலைந்துபோன சோகேஸ் இத்தனை வருடம் கழித்து வழி கேட்டுத் தேடி வந்ததுபோல முன்னால் நிற்கிறது.

"தில்லைநாதன் அண்ணை, நான் என்ன சொன்னனான், நீங்கள் என்ன செய்திருக்கிறியள்?"

"நீங்கள் சொன்னது விளங்கினதுதான் ரீச்சர். மனம் வரேல்லை. உது சாமிச் சாமான். முழங்காலுக்குக் கீழை வைக்கேலுமோ? கால் படும், தூசி படும். எங்கடை வீட்டிலை சாமிப்படத்தை நெஞ்சுக்குக் கீழை வைக்கமாட்டம். கதவுக்குக் காசு வேண்டாம், அது என்ரை பங்கு."

ஏச வாயெடுத்த ரீச்சர் நிறுத்திக்கொண்டார். தில்லைநாதனுக்கு இது தன் சாமியும் இல்லை, தன் கோயிலும் இல்லை. ஆனாலும் இந்த மனுசன் இரவிரவாக இருந்து மரியாதை செய்து கொண்டுவந்திருக்கிறார். அதற்குமேல் எப்படி ஏசுவது?

"அண்ணை, எங்கடை ஆள் எங்கை பிறந்தவர் தெரியுமோ?"

"மாட்டுக் கொட்டிலிலை. நத்தார்ப் பெருநாளுக்குச் சந்தியிலை குடில் கட்டி வைப்பினமே, பாத்திருக்கிறன்."

"வைக்கோலுக்கு மேலை. மாட்டின்ரை மூச்சுப் படுற உயரத்திலை. அவரை அங்கை வைச்சது ஆர்? பெத்த தாய்தான்."

தில்லைநாதன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். அலுமாரியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு லான்ட்மாஸ்ரருக்குப் போய் மரம் அறுக்கும் வாளை எடுத்து வந்தார். "சாமானுகளை முதல் வெளியிலை எடுங்கோ. அதுகள் உள்ளுக்கை இருக்க நான் அறுக்கமாட்டன்."

கதவு கழன்றது. நான்கு கால்களும் அறுபட்டு, அலுமாரி பிள்ளைகளுக்கு எட்டுகிற தட்டாகியது. அறுத்த துண்டுகளை எறிய மனமில்லாமல் மூலையில் நிறுத்தி வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை பிள்ளைகள் வந்து பாயில் இருந்தார்கள். ஆழ்வாப்பிள்ளை வெள்ளை வேட்டியோடு வாசலில் வந்து நின்றார். அவரைக் கண்டதும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ரீச்சர் நல்ல மேய்ப்பரின் கதையைச் சொல்லி ஆடுகளை மணலில் நடத்திக் காட்டினார். "இனி விரும்பினதை எடுங்கோ" என்றார். ஒருவரும் அசையவில்லை. கட்டிய கை கட்டியபடி இருந்தது. பார்த்தால் நல்ல பிள்ளைகள். விளையாட்டும் இல்லை, ஆராதனையும் இல்லை, இதற்கா இவ்வளவு பாடும்? வாயைத் திறந்தால் கெஞ்சிவிடுவோம் என்று பயந்து, ரீச்சர் ஓர் ஆட்டை மணலில் இன்னொரு தரம் நடத்தினார்.

மதுராதான் முதலில் கையை அவிழ்த்தாள். அவள் தட்டுப் பக்கம் போகவில்லை. மூலையில் நின்ற கால் துண்டுகளிடம் போனாள். அவற்றைத் தொடாதே என்று யாரும் சொல்லியிருக்கவில்லைத்தானே. நான்கையும் கொண்டுவந்து பாயில் சேர்த்து நிறுத்தினாள். மேலே, முகம் துடைக்கும் தன் கைலேஞ்சியை விரித்தாள். அது ஒரு பீடம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அதன்பிறகுதான் அவள் தட்டுக்குப் போய், மரக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து வந்து அதன்மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் கொண்டுபோனாள். கட்டிய கைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஒரு சிரிப்புச் சத்தம் இல்லை.

கடைசியில் வாசலுக்குப் போனாள். தன் கையைப் பிடித்து இறக்கிய மனுசனை அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கு எட்டேல்லை. குனியுங்கோ ஐயா."

ஆழ்வாப்பிள்ளை குனியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நோவுள்ள முழங்காலை மெல்ல மடித்து, திருவிருந்துக்கு நிற்பதுபோல நின்றார். இரண்டு கையையும் ஏந்தினார். பழகிய கை, தானாகவே ஏந்தியது.

"உங்களுக்காக" என்றாள் மதுரா, திருவிருந்தில் போதகர் சொல்வதுபோலவே.

"ஆமென்" என்றார் அவர். வெறும் கிண்ணத்தில் உதட்டை வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் எழும்ப ரீச்சர்தான் கை கொடுக்கவேண்டியிருந்தது. ரீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. ஆழ்வாப்பிள்ளை வேட்டியைத் தட்டி, தொண்டையைச் செருமி, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அந்தக் கதிரையளை என்ரை வீட்டு விறாந்தையிலை அடுக்கலாம். பிள்ளைக்கு நல்லதொரு மேசைச் சீலை தைச்சுக் குடுங்கோ, ரீச்சர். கைலேஞ்சி காணாது."