கதவில் ஒட்டிய சம்மன்

நேற்று முசரவாக்கத்தில் செல்வி வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல காரியம்தான். பிறகு ஏன் அந்த வீட்டு வாசலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

செல்வி எங்கள் தெருமுனைப் பட்டுக்கடையில் புடவை மடித்து அடுக்குகிறவள். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வேலூர் போன கணவர் எட்டு வருஷமாகத் திரும்பவில்லை. போலீசும் தேடிப் பார்த்துக் கைவிரித்துவிட்டது. வீடு அவர் பெயரில். போன மழையில் ஒரு பக்கச் சுவர் விழுந்துவிட்டது. அரசுத் திட்டத்தில் புதுவீடு கட்ட, பட்டா செல்வி பெயருக்கு வர வேண்டும். அதற்கு, அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் சொல்ல வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகளோடு இன்னொரு மழையை அந்த வீட்டில் எப்படித் தாங்குவாள்?

ஏழு வருஷம் தகவலே இல்லையென்றால் இறந்ததாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் கூத்தைப் பாருங்கள் — வழக்கில் முதல் பிரதிவாதியே அவர்தான்! நீங்கள் இறந்துவிட்டதாக அறிவிக்கப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் வாருங்கள் என்று அவருக்கே சம்மன். கோர்ட் அமீனா அதைச் செல்வி வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். கடைசியாக அவர் இருந்த வீடு அதுதானே. ஒட்டினால் போதும், அவர் கைக்கே போய்ச் சேர்ந்த கணக்கு.

ஒரு மாதம் அந்தக் காகிதம் அப்படியே இருந்தது. பிள்ளைகள்கூடத் தொடவில்லை.

வாய்தா அன்று துணைக்கு நானும் போனேன். டவாலி அவர் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். வராந்தாவில் சட்டென்று பேச்சு நின்றது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்... நானும்தான். யாரும் வரவில்லை.

செல்வி கூண்டில் ஏறினாள். கணவர் பெயர் கேட்டார்கள். "பசங்க அப்பாங்க" என்றாள். அது போதாது என்றார் நீதிபதி. காகிதத்தில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினாள். அதுவும் போதாதாம், வாயால் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் அவள். கல்யாணமானதிலிருந்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"ஏகாம்பரம்" என்றாள், மூச்சுவிடுகிற மாதிரி. போதும், இறங்கலாம் என்றார்கள். கீழே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் போன் செய்தாள்.

"அக்கா, கதவுல பேப்பரு இல்லக்கா. கிழிஞ்ச துண்டு கூட இல்ல. தொடச்சி வெச்சா மாரி இருக்குது."

அக்கம்பக்கத்தில் யாரும் எடுக்கவில்லை. யாரும் வந்ததாகவும் தெரியவில்லை.

"நான் பேர சொன்னேன் இல்ல... வந்து வாங்கிக்கினு பூட்டாருக்கா."

ஜட்ஜிடம் இதைச் சொல்லிவிட வேண்டாமா என்று கேட்டாள். வழக்கே படுத்துவிடும் என்று தெரிந்தும்தான் கேட்டாள். வழக்கை நடத்துகிற வக்கீலையே நாளைக்குக் கேட்டுவிடலாம் என்றேன்.

மறுநாள் வக்கீல் அம்மாளிடம் போனோம். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ஒட்டினதுக்கு போட்டோ இருக்குது, சாட்சி கையெழுத்து இருக்குது. கோர்ட்டுக்கு அது போதும்மா. யார் எடுத்தாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. தீர்ப்பு வந்தது. ஏகாம்பரம் சட்டப்படி இறந்துவிட்டார். பட்டாவும் மாறிவிட்டது. எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்குச் சட்டத்தில் ஓர் அளவு இருக்கிறது. மனசுக்கு அப்படி ஓர் அளவை யார் வைத்தது?

புதுவீடு எப்படி வேண்டும் என்று கேட்ட மேஸ்திரியிடம் செல்வி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறாள் — வாசலுக்கு அந்தப் பழைய கதவையே வைக்க வேண்டுமாம்.