கம்பிவலை இல்லாத ஒயில் குழாய்

இரண்டு கைகளிலும் வெள்ளைக் கட்டுடன் அந்த மனிதர் பட்டறைக்குள் வந்தபோது முதலாளி விரல் நீட்டியது என்னை நோக்கித்தான்.

"பெட்டி கட்டினது இவதான். இவவுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்?"

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஜேர்மனியில், ஹனோவருக்குத் தெற்கே, ஹார்ஸ் மலையடிவாரத்தில் இருந்த சிறிய பட்டறை. பனி ஸ்கூட்டர்களில் பொருத்தி எஞ்சினின் வலுவைக் கூட்டும் டர்போ கிட்டுகளை அங்கே தயாரித்தார்கள். ஊரில் நான் சிமெந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவள். இங்கே என் வேலை அனுமதியில் 'பொதி கட்டுபவர்' என்றுதான் இருந்தது.

ஒவ்வொரு கிட்டுக்கும் ஒரு சோதனைத் தாள் உண்டு. பாகங்களைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டம் கூடினால் ஒதுக்கிவிடுவேன். குழாயை இறுக்கும் கிளிப்பின் உள்விளிம்பு கூராக இருந்தால் குழாயை வெட்டும், அதையும் எடுக்கமாட்டேன்.

அந்த இலையுதிர்காலத்தில், எஃகுக் கம்பிவலை போர்த்திய ஒயில் குழாய்க்குப் பதிலாக வெறும் கறுப்பு றப்பர் குழாய் வந்தது. எவ்வளவு சூடு தாங்கும் என்று அதில் ஓர் எழுத்தும் இல்லை. ஒரு துண்டை வெட்டிச் சூடான ஒயிலில் போட்டுவைத்தேன். மாலைக்குள் ஊதிப் பிசுபிசுத்துவிட்டது. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பனியிலை ஓடுற வண்டிக்கு என்ன சூடு?" என்று சிரித்தார்.

"வெளியிலைதான் பனி. டர்போ சிவக்கச் சிவக்கக் கொதிக்கும். குழாய் அதை ஒட்டித்தான் போகுது."

"நீங்கள் பொதி கட்ட வந்தனீங்கள். அதைச் செய்யுங்கோ."

கூட வேலை செய்த சிவம் அண்ணையும், "தங்கச்சி, பேசாமல் இருங்கோ. இந்த வேலை போனால் இன்னொண்டு எடுக்க ஏலாது" என்றார்.

அந்தக் குழாயோடு பன்னிரண்டு பெட்டிகள் கட்டினேன். ஒரு தாளிலும் கையொப்பமிடவில்லை. அதையே பெரிய வீரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுடன் வந்தவர் மலை விடுதி ஒன்றுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர். வழியில் குழாய் வெடித்து, ஒயில் டர்போவில் கொட்டித் தீப்பிடித்திருந்தது. அதைக் கையால் அணைக்கப் போய்த்தான் இந்தக் காயம்.

ஊதிய குழாய்த் துண்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். "நான் முதலே சொன்னனான். மாத்தச் சொன்னனான்."

அவர் அதைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் கேட்டார்: "மற்ற ஆக்களிட்டையும் இதுதானோ இருக்கு?"

"அது என்ர விஷயம்."

அவர் போன பிறகு, மற்றவர்களுக்கு எழுதச் சொல்லிக் கேட்டேன். "ஒண்டு வெடிச்சால் எல்லாம் வெடிக்குமோ?" என்றார் முதலாளி. ஒரு மனிதனின் இரண்டு கைகளும் வெந்த பிறகு கேட்ட கேள்வி இது!

விலாசங்கள் எல்லாம் என் கையால் பதிவுப் புத்தகத்தில் எழுதியவை. தெரிந்த ஜேர்மனில் பதினொரு அஞ்சலட்டைகள் எழுதினேன்: 'வண்டியை ஓட்டாதீர்கள். ஒயில் குழாயை மாற்றுங்கள்.' கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். சிவம் அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"இனி என்ன, தாங்கோ. முத்திரையை நான் ஒட்டுறன்" என்றார்.

அடுத்த வாரம் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசுவாசமில்லாத ஆளாம். ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். ஒருவர், கழற்றும்போதே குழாய் கையோடு பிய்ந்து வந்தது என்றும், மறுநாள் அந்த வண்டியில்தான் மனைவியை ஏற்றிப் போக இருந்ததாகவும் எழுதியிருந்தார். மற்ற இருவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது.

பிறகு பல வருடங்கள் வேறொரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருந்தேன். அந்த முதலாளி மீதான கோபம் ஆறவேயில்லை. என் மீதும் கொஞ்சம் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றைத்தான் சொல்வேன்: "பிழையான சாமானைக் கண்டால் கையெழுத்தை மட்டும் நிப்பாட்டாதேங்கோ. பெட்டியை நிப்பாட்டுங்கோ."