நிற்காத வண்டிக்குக் காட்டிய கை

நிற்காமல் போன ரயிலின் காற்றில் அண்ணியின் முந்தானை படபடத்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் சூடாகிறது. ஆவடிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருந்தது எங்கள் ஸ்டேஷன். ஒரு மண்மேடை, ஒரு மஞ்சள் பலகை, அவ்வளவுதான். டிக்கெட் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. எண்பதுகளின் கடைசியில், காலை ஏழேகால் வண்டியும் சாயங்கால வண்டியும் இனி அங்கே நிற்காது என்றார்கள். அங்கே யாரும் டிக்கெட் வாங்குவதில்லையாம். விற்க ஆளில்லாத இடத்தில் எப்படி வாங்குவது? அம்பத்தூர் தையல் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்த நாங்கள் பதினோரு பெண்களும் அம்பத்தூரில்தான் சீசன் டிக்கெட் எடுத்தோம்.

ஆவடி வரை நடந்து போய் வண்டி பிடித்ததில் அண்ணி சில நாள் தாமதமானார். கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். “ஊட்லயே இரும்மா, போதும்” என்றார் அப்பா. அண்ணி மறுநாள் காலை தலைவாரி, சாப்பாட்டுப் பையுடன் மண்மேடையில் போய் நின்று, வந்த வண்டிக்குக் கை காட்டினார். அது நிற்கவில்லை. அடுத்த நாளும் காட்டினார். ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன், “இன்னாம்மா, பஸ்ஸா இது?” என்று கத்தினான். ஆவடிக்கு நடக்கும் வழியில் அதைப் பார்த்த எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணி ஒரு நாளும் தவறவில்லை.

தண்டவாளத்தருகே தினமும் ஒரு பெண் கை காட்டுவதாக ஓட்டுநர்கள் புகார் செய்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து ஜீப்பில் ஒரு ரயில்வே அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. அவர் வந்த அன்று மற்ற பத்துப் பேரும் லீவு போட்டுவிட்டு அண்ணி பக்கத்தில் நின்றோம்.

“வண்டிய ஏம்மா மறிக்கிறே?”

“மறிக்கல சார், கைதான் காட்டுனேன்.”

“இங்கே ஏற ஆளே இல்லைன்னு கணக்கு இருக்கு.”

அண்ணி எங்களிடமிருந்து பழைய சீசன் டிக்கெட்டுகளை வாங்கி ஜீப்பின் மேல் பரப்பினார். ஒவ்வொன்றிலும் எங்கள் ஊர்ப் பெயர். “நாங்க இங்கதான் கீறோம் சார். உங்க வண்டிதான் நிக்காம பூடுது.”

அதற்கடுத்த மாதம் ஏழேகால் வண்டி நின்றது. அண்ணி வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். இன்று அந்த ஸ்டேஷனில் கூரை இருக்கிறது, டிக்கெட் கொடுக்க ஆளும் இருக்கிறார். அன்று வண்டி நிற்கத் தொடங்கியதும், ஊர் சார்பில் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பினால் நல்லது என்று அதிகாரி சொல்லியனுப்பினார். அண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘காலை வண்டி நிற்கிறது. சாயங்கால வண்டி எப்போது நிற்கும்?’

“நன்றின்னு ஒரு வார்த்தை போடலாமே அண்ணி?” என்றேன்.

“நம்ம டேசன்ல நம்ம வண்டி நிக்குது. அதுக்கு நன்றி இன்னாத்துக்கு? கையெழுத்துப் போட எடம் உடு.”